மறுபதிப்புக் குரோனோகிராஃப்: எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவதா, இயந்திரத்தைப் பார்த்து வாங்குவதா?

நொடிமுள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பதினைந்து ஆண்டுகளாகச் சாவி கொடுக்கும் கைக்கடிகாரங்களை மட்டுமே கட்டி வருகிறேன். என்னிடம் இருப்பவை நான்கு. நான்கும் மணி, நிமிடம், நொடி காட்டுவதோடு நின்றுவிடுபவை. இப்போது முதன்முறையாக ஒரு குரோனோகிராஃப், அதாவது பொத்தானை அழுத்தி நேரத்தை அளக்கும் வசதியும் உள்ள கைக்கடிகாரம், வாங்குவதற்காகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். 1950களின் வடிவங்கள்தாம் என் மனத்துக்குப் பிடித்தவை. ஆனால் அந்தக் காலத்து அசலையே வாங்கும் துணிவு எனக்கு இல்லை. அறுபது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு கடிகாரத்தில் எந்த முள் அசல், எந்த டயலுக்குப் பின்னாளில் மறுவண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் தேர்ச்சி இன்னும் வரவில்லை. ஆகவே, பழைய வடிவத்தை நிறுவனமே திரும்பச் செய்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் வெளியிட்ட மறுபதிப்பு ஒன்றை வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டு கடிகாரங்களுக்கு இடையில் மனம் ஊசலாடுகிறது. ஒன்று, 1957 ஆம் ஆண்டின் முதல் ஸ்பீட்மாஸ்டரான சிகே2915 ஐப் பின்பற்றி ஒமேகா 2017 இல் வெளியிட்ட பதிப்பு, மொத்தம் 3,557. மற்றொன்று, 1959 ஆம் ஆண்டின் நாவிடைமர் 806 ஐப் பின்பற்றி பிரைட்லிங் 2019 இல் வெளியிட்ட பதிப்பு, மொத்தம் 1,959. இரண்டையுமே இனிக் கைமாறி வரும் கடிகாரமாகத்தான் வாங்க முடியும்.

எண்ணிக்கை குறைவாக இருப்பதால் நாவிடைமர்தான் மேலானது என்று என் நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். எனக்கோ வேறு ஒரு கவலை. இரண்டிலும் வெளித்தோற்றம் பழையது, உள்ளே இருக்கும் இயந்திரம் அசலில் இருந்தது அன்று என்று அறிகிறேன். அப்படியானால் இவற்றை மறுபதிப்பு என்று அழைப்பதே சரிதானா? அத்துடன், புதுக் கடிகாரத்தில் ஒளிரும் பூச்சை மட்டும் பழுப்பேறியதுபோல் நிறம் சேர்த்துச் செய்கிறார்களே, அதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? நீண்ட நாள் வைத்திருப்பவர்கள் சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வேன்.

கடிகைப்பித்தன்:

உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானும் அந்த எண்களை நம்பித்தான் சேகரிக்கத் தொடங்கினேன்.

இந்தப் பதிப்புகளின் எண்ணிக்கையை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைத்துப் பாருங்கள். நாவிடைமர் 1,959 என்பது அசல் வெளிவந்த ஆண்டு. நிறுவனம் தொடங்கி 160 ஆண்டு நிறைந்ததை ஒட்டி டாக் ஹாயர் 2020 இல் வெளியிட்ட வெள்ளி டயல் கரேரா 1,860. அது நிறுவனம் தொடங்கிய ஆண்டு. அப்பல்லோ 13 பயணத்தின் நினைவாக ஒமேகா 2015 இல் வெளியிட்ட ஸ்னூப்பி ஸ்பீட்மாஸ்டர் 1,970; அது அந்தப் பயணம் நடந்த ஆண்டு. 2017 தொடக்கத்தில் இணையம் வழியாக மட்டும் முன்பதிவு செய்யப்பட்டு, நான்கேகால் மணி நேரத்தில் தீர்ந்துபோன 'ஸ்பீடி டியூஸ்டே' பதிப்பு 2,012. ரசிகர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய ஆண்டு அது. உங்கள் பட்டியலில் உள்ள 3,557 கூட, தனியாக விற்ற 3,000, மூன்று கடிகாரங்கள் கொண்ட பெட்டித் தொகுப்பில் வைத்த 557 என்ற கணக்கின் கூட்டுத்தொகைதான். ஆக, இவை ஒரு நினைவைச் சொல்வதற்காகத் தேர்ந்த எண்கள். இதைவிட அதிகம் செய்ய முடியவில்லை என்பதால் எந்த நிறுவனமும் அந்த எண்ணில் நிற்கவில்லை. அந்த எண்ணைக் கொண்டு ஒரு கடிகாரம் இன்னொன்றைவிட மேல் என்று தீர்ப்புச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள். எஃகு உடலுடன் ஸெனித் 2019 இல் திரும்பக் கொண்டுவந்த ஏ384 க்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. ஆனால் 1969 ஆம் ஆண்டின் அசலுக்கு அவ்வளவு நெருக்கமான மறுபதிப்பு வேறு ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அதே 37 மில்லிமீட்டர் அகலம். உள்ளே அதே எல் பிரிமேரோ குடும்பத்து இயந்திரம், மணிக்கு 36,000 துடிப்பு. அந்தக் குடும்பம் இன்றுவரை தொடர்வதே ஒரு தொழிலாளியின் பிடிவாதத்தால்தான். 1975 இல், அப்போது அமெரிக்கர்கள் கையில் இருந்த நிர்வாகம், மின்கலத்தால் ஓடும் குவார்ட்ஸ்தான் இனி எதிர்காலம் என்று முடிவு செய்து, எந்திரக் கடிகார உற்பத்தியை நிறுத்தச் சொன்னது. ஷார்ல் வெர்மோ என்ற தொழிலாளி அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் அச்சுகளையும் கருவிகளையும் திட்டக் குறிப்புகளையும் மாடியறைக்குக் கொண்டுபோய் மறைத்து வைத்தார். 1980களில் உற்பத்தியைத் திரும்பத் தொடங்க முடிந்தது அவர் அன்று அப்படிச் செய்ததால்தான். ஏ384 மறுபதிப்புக்குச் சாவி கொடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வராமல் போனதில்லை.

ஒமேகாவின் 321 இயந்திரமும் அப்படியே. 2019 தொடக்கத்தில் அதைத் திரும்பச் செய்யப்போவதாக அறிவித்து, 2020 இல் 39.7 மில்லிமீட்டர் எஃகு ஸ்பீட்மாஸ்டரில் வைத்துத் தந்தார்கள். அதற்கும் எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு இயந்திரத்தையும் ஒரே ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை கோர்ப்பதால், கேட்கிறவர்கள் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அதை அரிதாக்குவது கைவேலைதான். இந்த அருமையைத்தான் நான் மதிக்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 2017 ஸ்பீட்மாஸ்டர் பதிப்பில் இருப்பது 1861 என்ற இயந்திரம். அசல் சிகே2915 இல் இருந்தது 321. ஆனால் 1861 வெளியார் வீட்டுப் பிள்ளை அன்று. 1968 இல் 321 இன் இடத்துக்கு வந்த 861 இன் நேர் வாரிசு. இரண்டும் இயந்திரங்கள் செய்யும் லெமானியா நிறுவனத்தின் பட்டறையில் பிறந்தவைதாம். 321 இல் குரோனோகிராஃபின் ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் ஆள்வது தூண் சக்கரம். கோட்டைச் சுவரின் மேல்விளிம்பைப் போல் பற்கள் எழுந்து நிற்கும் சிறு சக்கரம் அது. 861 இல் அதை எடுத்துவிட்டு, செய்வதற்கு எளிதான கேம் (வளைந்த விளிம்புள்ள தகடு) அமைப்பை வைத்தார்கள். மணிக்கு 18,000 ஆக இருந்த துடிப்பை 21,600 ஆக உயர்த்தினார்கள். ஆகவே 1957 இன் தோற்றத்துக்குள் 1968 இன் மனம் இருக்கிறது என்று சொல்லலாம். இது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

நாவிடைமரின் கதை வேறு. 1959 இன் அசலில் வீனஸ் நிறுவனத்தின் 178 என்ற இயந்திரம் இருந்தது. மறுபதிப்பில் இருப்பது பி09. பிரைட்லிங் 2009 இல் கொண்டுவந்த பி01 இலிருந்து தானாகச் சாவி ஏறும் பகுதியை எடுத்துவிட்டுக் கையால் சாவி கொடுக்கும்படி செய்தது. எழுபது மணி நேரம் ஓடும், மணிக்கு 28,800 துடிப்பு, குரோனோகிராஃபை ஓட்டத்தோடு இணைக்கும் கிளட்ச் செங்குத்தானது. முற்றிலும் புதிய இயந்திரம். ஆனாலும் தூண் சக்கரம் இதில்தான் இருக்கிறது, ஸ்பீட்மாஸ்டர் மறுபதிப்பில் இல்லை! மறுபதிப்பு என்ற சொல் சரியா என்று கேட்டீர்கள். அது டயலுக்கும் உடலுக்கும் பொருந்துகிறது. இயந்திரத்துக்கு இரண்டிலுமே பொருந்தவில்லை. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பின்னால் மனத்தாங்கல் இராது.

கோவைவாசி:

மேலே எழுதியவரின் ஏ384 பற்றிய பகுதியை முழு மனத்துடன் ஏற்கிறேன். எண்ணிக்கை பொருட்டே அன்று என்பதை மட்டும் அப்படியே ஏற்க இயலவில்லை. வரம்பு வைத்த பதிப்பில், அதே டயலை அடுத்த ஆண்டு இன்னொரு நிறத்தில் செய்து கடையில் குவிக்கமாட்டோம் என்று நிறுவனம் வாங்குபவருக்கு ஓரளவு வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்குக்கு மதிப்பு உண்டு. ஆனால் வரிசை எண் பொறித்த பதிப்பும் வரம்புள்ள பதிப்பும் ஒன்றல்ல என்பதைப் புதிதாக வருபவர்கள் கவனிக்க வேண்டும். 1962 இல் விண்வெளி வீரர் வாலி ஷிரா மெர்க்குரி விண்கலத்தில் கட்டிச் சென்ற சிகே2998 ஐ ஒட்டி ஒமேகா 2012 இல் ஒரு ஸ்பீட்மாஸ்டரை வெளியிட்டது. அதன் பின்மூடியில் எண் இருக்கும், வரம்பு கிடையாது. விற்பவர்களில் பலர் அதையும் வரையறுக்கப்பட்ட பதிப்பு என்றே சொல்லி விற்கிறார்கள்.

ஒளிப்பூச்சைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் காலத்து ரேடியமும் பின்னர் வந்த டிரிட்டியமும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தாமாகவே பாலாடை நிறத்துக்கும் தேன் நிறத்துக்கும் மாறின. இன்றைய பூச்சு கதிரியக்கம் இல்லாதது. அதில் அந்த நிறத்தைத் தொழிற்சாலையிலேயே கலந்து வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. 1959 இல் அந்தக் கடிகாரத்தை வாங்கிய விமானி கண்ட நிறம் அதுவன்று. அவர் கையில் இருந்தது புத்தம் புதிய கருவி. அவர் கண்டதைத் திரும்பத் தருவதுதானே மறுபதிப்பின் வேலை? நீங்கள் விரும்பும் இரண்டிலுமே இந்த நிறம் உண்டு என்பதால் இதைக் கொண்டு ஒன்றை ஒதுக்க முடியாது. நேரில் பார்த்து உங்கள் கண் என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள்.

அளவைப் பற்றி ஒரு சொல். உங்கள் இரண்டு கடிகாரங்களும் அசலின் அளவிலேயே வந்தவை: ஸ்பீட்மாஸ்டர் 38.6 மில்லிமீட்டர், நாவிடைமர் 40.9 மில்லிமீட்டர். 160 ஆண்டு கரேராவோ 39. அது பின்பற்றிய 1960களின் கரேரா 36. மூன்று மில்லிமீட்டர் என்றால் எழுத்தில் சிறியது, மணிக்கட்டில் பெரியது. ஆகவே நீங்கள் தேர்ந்த இரண்டும் நல்ல தேர்வுதான்.

பட்டறைக்காரர்:

வணக்கம். நான் முப்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்ப்பவன். சேகரிப்பு எனக்குப் பிந்தித் தொற்றியது. வாங்கும் நாளில் என்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

கடிகாரத்தைக் காதோரம் வைத்து இரண்டு மணி நிலைப் பொத்தானை அழுத்துங்கள். ஸ்பீட்மாஸ்டரில் கிளட்ச் கிடைமட்டமானது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பல்சக்கரத்தோடு இன்னொரு பல்சக்கரம் பக்கவாட்டில் வந்து கோத்துக்கொள்ளும். பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டினால் நடு முள் புறப்படும்போது இம்மியளவு துள்ளும். அதைப் பழுது என்று எண்ணி அஞ்ச வேண்டாம், அந்த அமைப்பின் இயல்பு அது. நாவிடைமரின் பி09 இல் இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்திச் சேர்வதால் முள் வழுக்கிக்கொண்டு புறப்படும். அதில் துள்ளல் தெரிந்தால் மட்டும் ஏன் என்று கேளுங்கள். அடுத்து, நிறுத்திவிட்டு நான்கு மணி நிலைப் பொத்தானை அழுத்தி முள்ளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அச்சில் இதய வடிவத்தில் ஒரு சிறு தகடு இருக்கிறது. அதன்மேல் சுத்தியல் விழுந்தவுடன், முள் எந்த இடத்தில் நின்றிருந்தாலும் அந்த வளைவின் பள்ளத்துக்குச் சறுக்கி வந்து பன்னிரண்டில் நிற்கும். 1844 இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. இன்றைக்கும் அதைவிட நல்லது வரவில்லை. ஏழெட்டு முறை வெவ்வேறு இடங்களிலிருந்து திரும்பக் கொண்டுவந்து பாருங்கள். ஒருமுறை கோட்டின் மேலும் மறுமுறை கோட்டுக்குப் பக்கத்திலும் நின்றால் முள் அச்சில் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

நாவிடைமரின் பெசல், அதாவது டயலைச் சுற்றியுள்ள வளையத்தின், விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கையுறை போட்ட விரலுக்கும் பிடி கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்த விளிம்பைச் சுற்றி மணிகள் கோத்ததுபோல் 94 உருண்டைகள் இருக்கும். அசலில் எத்தனையோ அத்தனையே இதிலும். விற்பவர் கடிகாரத்தைப் பளபளப்பாகக் காட்டப் பாலிஷ் சக்கரத்தில் பிடித்திருந்தால் முதலில் தேய்வது அந்த உருண்டைகளின் தலைதான். வட்டமாக இருக்க வேண்டியவை தட்டையாகி, ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று மின்னும். அத்தகைய கடிகாரத்தை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். உருண்டைகளுக்கு நடுவே லேசாக அழுக்கு இருப்பது நல்ல அறிகுறி, யாரும் கை வைக்கவில்லை என்று காட்டும். மேல்கண்ணாடி அக்ரிலிக். அதில் கீறல் இருந்தால் கவலை வேண்டாம், மென்மையான பாலிஷ் பசையை வைத்துத் துணியால் பத்து நிமிடம் தேய்த்தால் மறைந்துவிடும்.

சர்வீஸ் என்று பார்த்தால் ஒமேகாவின் 1861 பல பத்தாண்டுகளாக ஓடி வரும் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைப் பிரித்துப் பழகிய கைகள் எல்லா ஊர்களிலும் உண்டு. பி09 ஐ நிறுவனத்துக்கே அனுப்புவதுதான் நல்லது.

ஒரு குறையையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். நான் வாங்கிய முதல் வரையறுக்கப்பட்ட பதிப்பில் ஏமாந்தேன், இந்தத் தொழிலில் இருந்துகொண்டே. வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடமிருந்து பெட்டியுடனும் அட்டையுடனும் வந்தது. எண் பொறித்த பின்மூடியும் அட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தின, மகிழ்ச்சியில் அத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தபோது இயந்திரத்தில் இருந்த எண் வேறு. யாரோ சிறப்புப் பதிப்பின் பின்மூடியைக் கழற்றிச் சாதாரணப் பதிப்பில் மாட்டியிருந்தார்கள். பணம் திரும்பவில்லை. சில நிறுவனங்கள் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் தனி வரிசை எண் பொறிக்கும், சில 'இத்தனையில் ஒன்று' என்று மட்டும் பொறிக்கும். எதுவானாலும் விலை பேசும் முன்பே பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு கடிகாரங்களும் மூடிய பின்மூடி கொண்டவை என்பதால் இது இன்னும் முக்கியம். திறந்து காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

கடிகைப்பித்தன்:

பட்டறைக்காரர் ஐயாவுக்கு நன்றி. அந்த 94 உருண்டைகளை நான் ஒருநாளும் தேய்மானத்துக்காகப் பார்த்ததில்லை. என் கடிகாரத்தை இப்போதே எடுத்துப் பார்த்தேன், வட்டமாகவே இருக்கின்றன.

தாம்பரம்:

கேட்டவர் விரும்பும் வரிசையில் நான் சொல்லப்போகும் கடிகாரம் சேராது. ஆனாலும் வீனஸ் பெயர் வந்ததால் எழுதாமல் இருக்க முடியவில்லை. வீனஸ் நிறுவனம் 175 என்ற தன் குரோனோகிராஃப் இயந்திரத்தைச் செய்யும் கருவிகளைச் சீனாவுக்கு விற்றது. சீன விமானப்படைக்காக 1961 இல் தொடங்கிய 304 என்ற திட்டத்தின்படி தியான்ஜின் கடிகாரத் தொழிற்சாலை அதைக் கொண்டு விமானிகளுக்கான குரோனோகிராஃபைச் செய்தது. அதன் மறுபதிப்பு இன்று 'சீகல் 1963' என்ற பெயரில் விற்கிறது. பன்னிரண்டுக்குக் கீழே சிவப்பு நட்சத்திரம்; சாவி கையால்தான் கொடுக்க வேண்டும்; உள்ளே எஸ்டி19, அதாவது அந்த வீனஸ் 175 இன் வழிவந்தது, தூண் சக்கரம் கிடைமட்ட கிளட்ச் இரண்டுடனும். துடிப்பை மட்டும் 21,600 ஆக உயர்த்தியிருக்கிறார்கள்.

நாவிடைமர் அசலில் இருந்த 178, இந்த 175 இன் உடன்பிறப்பு. மணி எண்ணும் வட்டம் ஒன்று அதில் கூடுதல். ஆகவே 1959 இன் விமானி பொத்தானை அழுத்தியபோது விரலுக்குத் தெரிந்த அந்தத் தடையும் விடுபடலும், மறுபதிப்பு நாவிடைமரைவிட இந்தச் சீனக் கடிகாரத்தில்தான் அதிகம் கிடைக்கிறது என்பது என் அனுபவம். விலையோ நீங்கள் சேர்த்திருக்கும் தொகையில் ஒரு சிறு பகுதிதான். போலிகள் நிறையச் சுற்றுகின்றன, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நொடிமுள்:

இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக எழுதியிருப்பதற்கு எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. எண்ணிக்கையைப் பற்றிய கவலை எனக்குத் தீர்ந்தது. நண்பருக்கும் அந்த எண்களின் வரிசையை அனுப்பி வைத்தேன், அவர் இன்னும் பதில் எழுதவில்லை.

என் மனம் இப்போது ஸ்பீட்மாஸ்டர் பக்கம் சாய்கிறது. நான் அன்றாடம் கட்டுபவன், பெட்டிக்குள் பூட்டி வைப்பவன் அல்லன். அதனால் ஊரிலேயே பிரித்துப் பார்க்கக்கூடிய இயந்திரம் எனக்கு வசதி. அத்துடன் பெசலில் உள்ள, வேகம் காட்டும் டாக்கிமீட்டர் அளவை இரயிலில் போகும்போது பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. ஒரு கிலோமீட்டர்க் கல்லில் தொடங்கி அடுத்த கல்லில் நிறுத்தி, முப்பத்தாறு நொடி ஆகியிருந்தால் முள்ளின் நுனி 100 ஐக் காட்டும். அந்த ஒன்றுக்காகவே எத்தனையோ நாள் காத்திருக்கிறேன். விற்பவரிடம் பின்மூடியைத் திறந்து காட்ட முடியுமா என்று நேற்றே கேட்டுவிட்டேன். வரும் சனிக்கிழமை பட்டறை ஒன்றில் வைத்துத் திறக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பட்டறைக்காரர் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி: கிடைமட்ட கிளட்ச் உள்ள கடிகாரத்தில் குரோனோகிராஃபை எப்போதும் ஓடவிட்டே வைத்திருப்பது நல்லதா?

பட்டறைக்காரர்:

வேண்டாம். பற்கள் தொடர்ந்து உரசித் தேயும். ஓட்டத்தின் வலுவும் குறையும். தேவைப்படும்போது ஓடவிடுங்கள், முடிந்ததும் நிறுத்திப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மாதத்துக்கு நான்கைந்து முறையாவது ஓடவிடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் ஓரிடத்தில் தங்கி இறுகும். உங்கள் இரயில் பயணம் அதற்குப் போதும். சனிக்கிழமை திறக்கும்போது இயந்திரத்தின் படத்தை இங்கே இடுங்கள், எண்ணையும் திருகுகளின் தலையையும் பார்த்துச் சொல்கிறேன்.